சாத்துக்குடி அழுகலுக்குக் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். ஆந்திராவின் அனந்தபுரம் பக்கத்தில் ஐந்து ஏக்கர் சாத்துக்குடித் தோட்டம் இருக்கிறது, அப்பா பார்த்துக்கொள்கிறார். காய் இங்குள்ள சிங்கேன அக்ரகாரம் பழ மண்டிக்கு வந்த சில நாட்களில் நிறைய அழுகிவிடுகிறது. கேமராவும் கம்ப்யூட்டரும் பொருத்திய தரம் பிரிக்கும் இயந்திரம் வாங்கினால் அழுகல் நின்றுவிடும், பாதிப் பணத்தை மானியமாக வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். "என் கண்ணுக்குத் தெரியாதது மெஷினுக்குத் தெரிந்துவிடுமா?" என்கிறார் அப்பா. அக்கம்பக்கத்து விவசாயிகளும் அதையே சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அப்பாவின் பேச்சைக் கேளுங்கள்.

மண்டியில் நீங்கள் பார்க்கும் அழுகலில் பெரும்பகுதி பச்சைப் பூஞ்சையும் நீலப் பூஞ்சையும். முழுத் தோலைத் துளைத்து உள்ளே போகும் வலு இவற்றுக்குக் கிடையாது. ஒரு கீறலோ நகம் பட்ட தடமோ காம்பைப் பிய்த்தபோது கிழிந்த தோலோ இருந்தால்தான் நுழையும். நுழைந்த பிறகும் உடனே தெரியாது. சாதாரண வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தோலில் நீர் கோத்த மாதிரி ஓர் இடம் இளகும், விரல் வைத்தால் அமுங்கும். அதன்மேல் வெள்ளை படர்ந்து, பிறகு பச்சைப் பொடி. பறித்த அன்று கேமராவுக்கு முன்னால் அதே காய் மாசு மருவில்லாமல் உருண்டு போய், முதல் தரப் பெட்டியில் விழும். அளவு, நிறம், தோலின் வடு இவற்றைத்தான் கேமரா பிரிக்கும். அது விலைக்கு உதவும், அழுகலுக்கு உதவாது. புற ஊதா விளக்கில் தோல் சேதத்தை ஒளிரவைத்துக் கண்டுபிடிக்கும் முறை பெரிய பொதிசாலைகளில் உண்டு. ஐந்து ஏக்கருக்கு அது கட்டாது.

காய் பறிக்கும் இடத்தில் காசைப் போடுங்கள். காயை இழுக்காமல் கத்தரியால் வெட்ட வேண்டும், அதுவும் இரண்டு வெட்டு. முதலில் காம்பைக் கொஞ்சம் நீளமாக விட்டுக் கிளையிலிருந்து எடுத்து, பிறகு காயோடு ஒட்டி மட்டமாக நறுக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காம்பு பக்கத்துக் காய்களை எல்லாம் குத்திவிடும். பனி காய்வதற்குள் பறித்தால் தோலின் எண்ணெய்ப் பைகள் உடைந்து பழுப்புத் திட்டு விழும். லாரியில் கொட்டி ஏற்றாமல் பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்குங்கள். தோட்டத்தை மொத்தமாகப் பேசி எடுக்கும் வியாபாரியின் ஆட்களுக்கு டன் கணக்கில் கூலி என்றால், இதில் ஒன்றையும் செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு வேகம்தான் வருமானம்.

கம்ப்யூட்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் இடத்தில் அது உங்கள் அப்பாவின் கண்ணை நிச்சயம் ஜெயிக்கும்: குளிர்பதனக் கிடங்கு. சாத்துக்குடிக்கு ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி போதும். ஆப்பிளுக்கோ 0 முதல் 2 டிகிரி. வாடகைக் கிடங்கில் இரண்டையும் ஒரே அறையில் தள்ளிவிடுவார்கள். ஆப்பிளுக்கான அந்தக் குளிரில் சாத்துக்குடித் தோலில் குழி விழும். அறைக்குள் இருக்கும்வரை பளபளவென்றுதான் இருக்கும், வெளியே எடுத்த சில நாளில் பழுப்பேறிப் பூஞ்சைக்கு வழி விடும். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு காம்பையும் உதிரச் செய்யும். கிடங்குக்காரரைக் கேட்டால், "காயே அப்படி வந்தது" என்பார். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் வெப்பப் பதிவுக் கருவியைக் கிரேட்டுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும். எந்த இரவில் அறை 2 டிகிரிக்கு இறங்கியது, எத்தனை மணி நேரம் மின்சாரம் இல்லை, வரும் வழியில் லாரி எவ்வளவு நேரம் வெயிலில் நின்றது எல்லாம் கிராஃபில் வந்துவிடும். சுவரில் தொங்கும் கிடங்கின் வெப்பமானி கதவோரக் காற்றைச் சொல்லும். உங்கள் காயின் சூட்டைச் சொல்லாது.

இனி அந்த மானியக்காரர். அறுவடைக்குப் பிந்தைய வசதிகளுக்குத் தோட்டக்கலைத் திட்டங்களில் மானியம் இருப்பது உண்மை. ஆனால் முன் அனுமதி பெறாமல் வாங்கிய பொருளுக்குப் பின்னால் அலைந்து பயனில்லை. பணமும் பொதுவாக வேலை முடிந்து ஆய்வு நடந்த பிறகே வரும். கடனோடு இணைந்த திட்டமானால் நேராகக் கடன் கணக்குக்குப் போகும். 2020-இல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதி என்பதும் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகைதான், இலவசப் பணம் அல்ல. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் விவசாயிக்குப் புரியும்படி எழுதி ஒட்ட அலுவலகங்களுக்கு மனம் வருவதில்லை; அந்த இருட்டில்தான் இந்த ஏஜெண்டுகள் கடை விரிக்கிறார்கள். இயந்திரத்தின் விலையை முதலிலேயே ஏற்றிச் சொல்லிவிட்டு, அதில் பாதி மானியம் என்றால் உங்களுக்கு மிச்சம் என்ன? உங்கள் தோட்டம் இருப்பது ஆந்திராவில். அங்குள்ள தோட்டக்கலை அதிகாரியிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

அக்கம்பக்கத்தாரின் தயக்கத்திலும் அர்த்தம் இருக்கிறது. தரம் பிரிக்கும் கம்ப்யூட்டர் வியாபாரி கையில் இருந்தால், "மெஷின் சொல்லிவிட்டது" என்பதே அடுத்த பிடித்தத்துக்குக் காரணமாகும். டன்னுக்கு 'சூட்' என்று எடையில் கழிப்பவர்களுக்கு இது இன்னொரு சாக்கு. கர்நாடகத்தில் மண்டிக் கமிஷனைக் காய் வாங்குபவரிடம்தான் வசூலிக்க வேண்டும், விற்கும் விவசாயியிடம் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆனாலும் முறையான ரசீது இல்லாமல் வெள்ளைச் சீட்டில் எழுதிப் பிடிக்கிறார்கள், கேட்க ஆளில்லை. இணையத்தில் ஏலம் விடும் தேசிய வேளாண் சந்தையான இ-நாம் வந்தது 2016-இல். எத்தனையோ மண்டிகளில் இன்னமும் ஒரு காயை அறுத்துப் பார்த்து வாயால் சொல்வதுதான் விலை.

அந்த மனிதர் மறுபடி வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள். இயந்திரத்தில் தேறிய காயில் ஐந்து பெட்டியைப் பத்து நாள் வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம், அழுகினால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா என்று. அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.