புறநகரில் வீட்டைச் சுற்றி நான்கு மரம் நட்டுவிட்டால் போதாதா? புறநகர் வளர்வதால் சுற்றுச்சூழலுக்கு அப்படி என்ன கெடுதல்?

போதாது. ஒரு குழி வெட்டியபோதுதான் எனக்கு அது புரிந்தது.

புறநகர் மனையில் வீடு கட்டிக் குடியேறிய முதல் வருடம், மரக்கன்று வைக்கக் குழி தோண்டினேன். ஒரு சாணுக்குக் கீழே கடப்பாரை இறங்கவில்லை. உடைந்த செங்கல், இறுகிய சிமெண்ட் கட்டி, மனையை மேடாக்கக் கொட்டி உருளை ஓட்டிய மண். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையிலும் பாதி அப்படியே நின்றது. இன்னும் வீடு எழும்பாத பக்கத்து மனையில் அதே அளவு குழி வெட்டி ஊற்றிப் பார்த்தேன். மண்வெட்டியைக் கழுவி வைப்பதற்குள் உறிஞ்சிவிட்டது.

புறநகர் வளர்கிறது என்றால் வெட்டப்படும் மரங்கள்தான் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. அதைவிடப் பெரிய இழப்பு மண் என்பேன். 1,000 சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 9,300 லிட்டர். முன்பு அதில் பெரும்பங்கு நிலத்துக்குள் இறங்கியது. இப்போது சிமெண்ட் முற்றம், தார்ச்சாலை, வடிகால் என்று ஓடி, வண்டிகள் சிந்திய எண்ணெயையும் டயர் துகளையும் வாரிக்கொண்டு ஓடையில் விழுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி, இயற்கையான நிலத்தில் மழைநீரில் சுமார் 10 சதவீதமே மேலோடும். முக்கால் பங்குக்கு மேல் மூடிவிட்ட நிலத்தில் 55 சதவீதம். மழையன்று தெருவில் முழங்கால் தண்ணீர், கோடையில் வற்றிய கிணறு: இரண்டுக்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

வேலைக்கும் பள்ளிக்கும் தினமும் தூரம் போவதால் சேரும் வண்டிப்புகை தனி.

அதற்காகப் புறநகரில் யாரும் குடியேறக் கூடாது என்று சொல்ல மாட்டேன். நகருக்குள் இடம் வாங்க முடியாதவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் வீடுகளை நெருக்கமாகக் கட்டி, தாழ்வான நிலத்தையும் நீர்வழியையும் தொடாமல் விடலாம். அமெரிக்காவின் போர்ட்லாந்து வட்டாரம் 1979ஆம் ஆண்டிலேயே நகருக்கு ஓர் எல்லைக்கோடு வகுத்தது. பிறகு பலமுறை அந்த எல்லையை வெளிப்பக்கமாக நகர்த்தினார்கள் என்றாலும், வயலும் காடும் கண்டபடி மனைகளாவது கட்டுப்பட்டது. இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது. வீட்டு உரிமையாளரால் தனியாக முடியாது.

நம் கையில் இருப்பது முற்றம். என் வீட்டில் பாதிச் சிமெண்ட் தளத்தைப் பெயர்த்து, இடிபாட்டை அள்ளி, மண்ணை ஆழமாகக் கிளறி, மட்கிய இலையும் தொழு உரமும் கலந்தேன். இரண்டு மழைக்காலம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. கன்றை அதன் பிறகுதான் வைத்தேன்.