கொல்லாம்பழமும் அரை டம்ளர் கஞ்சியும்

"திராட்சையை விட்டு வேறு பழத்தில் வீட்டில் ஒயின் போட்டுப் பார்த்தவர்கள் உண்டா? எது தேறியது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேறியது கொல்லாம்பழம். முந்திரிப் பழத்தைத்தான் சொல்கிறேன். குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் கொட்டைக்கு அண்டி, பழத்துக்குக் கொல்லாம்பழம் என்று பெயர். முந்திரி ஆலைக்குக்கூட அண்டி ஆபீஸ் என்றுதான் பெயர். அண்டிக்கு இவ்வளவு மரியாதை. பழமோ மரத்தடியிலேயே கிடந்து அழுகும், இல்லாவிட்டால் ஆடு தின்னும்.

எங்கள் வீடு கல்குளம் தாலுகாவில். கிறிஸ்துமசுக்கு அம்மை திராட்சை ஒயின் போடுவாள். கறுப்புத் திராட்சை, அதன் எடைக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு, ஒரு முட்டையின் வெள்ளைக் கரு. எல்லாம் பரணிக்குள் போகும். பரணி என்றால் ஊறுகாய் போடும் பெரிய பீங்கான் ஜாடி. 21 நாள் தினமும் மரக்கரண்டியால் கிளறி, பிறகு வடிகட்டி, இன்னொரு 21 நாள் அசைக்காமல் வைப்பாள். கோதுமையும் முட்டையும் எதற்கு என்று கேட்டால், "என் அம்மை போட்டாள், நானும் போடுகிறேன்" என்பாள். கோதுமை ஈஸ்டுக்குத் தீனி, முட்டையின் வெள்ளைக் கரு துவர்ப்பைப் பிடித்து அடியில் இறக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அது புரிந்ததும்தான் மற்றப் பழங்கள்மேல் கை வைக்கும் துணிவு வந்தது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். "பண்டிகைக்கு இரண்டு பாட்டில்தானே" என்ற சமாதானத்துக்கு அதில் இடமில்லை. களியக்காவிளையைத் தாண்டினாலும் அங்கே கேரளத்தின் அப்காரிச் சட்டம் இருக்கிறது. நான் எழுதுவது பழைய கதை. இப்போது அந்தப் பரணியில் மாங்காய் ஊறுகாய்தான் இருக்கிறது.

கொல்லாம்பழத்துக்கு வருவோம். சாறு ஏராளம், மணமும் உண்டு, வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு. குறை ஒன்றே ஒன்று: காறல். ஒரு வாய் குடித்தால் நாக்கு தடித்தது போலாகி, தொண்டையை யாரோ உள்ளிருந்து சுரண்டுவது போல இருக்கும். முதல் வருடம் அப்படியே பிழிந்து ஈஸ்ட் போட்டேன். காறல் போகும் என்று நினைத்தேன்; இனிப்புதான் போயிற்று. இனிப்பு மறைந்த பிறகு காறல் இன்னும் முன்னால் வந்து நின்றது. மொத்தத்தையும் தென்னை மூட்டில் ஊற்றினேன்.

மறு வருடம் கஞ்சி வைத்தேன். இது நான் கண்டுபிடித்ததல்ல, கொல்லாம்பழச் சாற்றைத் தெளிய வைக்க வெகுகாலமாகச் செய்துவருவதுதான். ஜவ்வரிசியைக் கூழாகக் காய்ச்சி ஊற்றுகிறவர்களும் உண்டு. விழுந்த பழம் ஒரே நாளில் தானாகப் புளிக்கத் தொடங்கிவிடும் என்பதால் பழத்தை அன்றே பிழிய வேண்டும். அண்டியை முதலிலேயே திருகி எடுத்துவிட வேண்டும். அதன் தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். 5 கிலோவைத் துணியில் கட்டிப் பிழிந்தால் எனக்கு 3 லிட்டர் போலச் சாறு வந்தது. லிட்டருக்கு அரை டம்ளர் கணக்கில், உப்புப் போடாத ஆறின சோற்றுக் கஞ்சியை ஊற்றிக் கலக்கினேன். சிறிது நேரத்தில் திரிந்த பால் போலத் திப்பி திப்பியாகப் பிரிந்தது. மூன்று நான்கு மணி நேரத்தில் அதெல்லாம் அடியில் இறங்கி, மேலே வெளிறிய தேன் நிறத்தில் கண்ணாடி போலச் சாறு நின்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். காறல் முக்கால்வாசி போயிருந்தது. மேலோட்டமாக இறுத்து, இன்னொரு முறை கஞ்சி ஊற்றினேன். அதன் பிறகு காறலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சர்க்கரைக் கணக்கு சுலபம். ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீதம் ஆல்கஹால். கொல்லாம்பழச் சாற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் இனிப்பு ஏற்கெனவே இருக்கிறது. நான் 150 கிராம் சேர்த்தேன். முழுதும் புளித்தால் 14 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். கடையில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட் பத்து, பன்னிரண்டிலேயே களைத்து உட்கார்ந்துவிடும். மிச்சம் இனிப்பாக நிற்கும். எங்கள் வீட்டு நாக்குக்கு அதுதான் வேண்டும். 21 நாள் கணக்கெல்லாம் குளிர்ந்த ஊருக்கு. ஏப்ரல் வெயிலில் ஒரு வாரத்திலேயே கொதிப்பு அடங்கிவிட்டது.

கோவாவில் இதே பழச்சாற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சித்தான் ஃபெனி என்ற சாராயத்தை எடுக்கிறார்கள். 2009இல் அதற்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் காய்ச்சக் கிளம்ப வேண்டாம். புளிக்க வைப்பது வேறு, காய்ச்சி இறக்குவது வேறு. இரண்டாவதில் கைத்தவறு உயிரோடு விளையாடும்.

மற்றவை சுருக்கமாக. சக்கை, அதாவது பலா: கூழன் சுளையில், அதாவது குழைவான ரகத்தில் போட்டேன். பத்து நாள் வீடு முழுக்க வாடை, வந்தவர்களெல்லாம் மூக்கைச் சுளித்தார்கள், குடித்தால் மணம் மட்டும் இருந்தது, ருசி இல்லை. மட்டிப்பழம், எங்கள் ஊர்ச் சின்ன வாழை: குழந்தைக்கு முதன்முதலாக ஊட்டுகிற பழம், 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஒயினில் மட்டும் கலங்கல் தெளியவே மாட்டேன் என்றது. மூன்று மாதம் காத்திருந்தும் அரிசி கழுவிய தண்ணீர் போலவே இருந்தது. அயனிச்சக்கையில், அதாவது காட்டுப் பலாவில் போட ஆசை இருந்தது, ஆனால் அந்தச் சின்னச் சுளைகள் பரணி வரை போய்ச் சேர்ந்ததே இல்லை. ஞாவல் பழம் மட்டும் திராட்சைக்குப் பக்கத்தில் வரும், நிறத்துக்காகவே போடலாம்.

கைதச்சக்கை என்கிற அன்னாசி நன்றாகத்தான் வந்தது. அவசரப்பட்டது நான். நுரை நின்றுவிட்டது என்று ஐந்தாம் நாளே பாட்டிலில் அடைத்து, மூடியை முறுக்கி, கட்டிலுக்குக் கீழே வைத்தேன். உள்ளே ஈஸ்ட் வேலையை நிறுத்தவில்லை. வாயு போக வழியில்லை. இரவு இரண்டு மணிக்கு முதல் பாட்டில் வெடித்தது. ஓட்டின்மேல் தேங்காய் விழுந்தது என்று அப்பா டார்ச்சோடு முற்றத்துக்கு ஓடினார். அவர் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வெடித்தது. கட்டிலில் யாராவது கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

பழமல்லாத பொருட்களில் இரண்டு. கிராம்பு எங்கள் மாவட்டத்து மாறாமலையில் விளைவது, வாசனைக்குக் கேட்க வேண்டாம். அந்த மயக்கத்தில் ஒரு பிடி அள்ளிப் போட்டேன், ஈஸ்ட் அசையவே இல்லை. பல்வலிக்குக் கிராம்பு வைக்கிறோமே, அந்த எண்ணெய் நுண்ணுயிர்களை அடக்கும். ஐந்து லிட்டருக்கு ஐந்தாறு மொட்டு போதும், அதையும் கொதிப்பு அடங்கியபின் போடலாம். கருப்பட்டி போட்டால் பழம் எது என்றே தெரியாமல் கருப்பட்டி மட்டும் மணக்கும். இஞ்சியோடு மட்டும் அது ஒத்துப்போயிற்று. இதையெல்லாம் பனையேறிகள் எப்போதோ அறிந்திருக்கிறார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள்: ஈஸ்டை எப்போது தடுப்பது, எப்போது விடுவது என்பதை அவர்கள் ஒரு விரல் சுண்ணாம்பில் முடித்துவிடுகிறார்கள்.

கொல்லாம்பழ ஒயினை அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று திறந்தேன். எட்டு மாதத்தில் இன்னும் தெளிந்து, பொன் நிறத்தில் இருந்தது. அம்மை ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை; சற்றுப் பொறுத்து டம்ளரை மறுபடி நீட்டினாள். மாலையில் மார்த்தாண்டத்திலிருந்து பெரியம்மையும் பிள்ளைகளும் வந்தார்கள். எல்லோருக்கும் கேக்கோடு அதையே ஊற்றிக் கொடுத்தாள். "இது என்ன பழம், நல்ல மணமாக இருக்கிறதே?" என்று பெரியம்மை கேட்டாள்.

அம்மை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெள்ளைத் திராட்சை" என்றாள்.