கணினிக் கேள்வி-பதில்: கொலுசுச் சத்தம் எந்தப் பக்கம்?

கேள்வி: அப்பா கீழே நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். மாடியில் என் கம்ப்யூட்டர். வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடும்போது எதிரி முன்னால் வருகிறானா, பின்னால் வருகிறானா என்றே பிடிபடவில்லை. '7.1 சரவுண்ட்' ஹெட்செட் வாங்கினால் சரியாகுமா? 4,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன்.
- கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: பணத்தை எடுக்காதீர்கள் தம்பி, முதலில் ஒரு சோதனை. கொலுசு போட்ட சின்னப் பிள்ளை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும், சேலத்தில் இல்லாமலா? தறி நின்ற நேரமாகப் பார்த்து, கண்ணைக் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் உட்காருங்கள். தலையை ஆட்டக்கூடாது. பிள்ளையை உங்களைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று விரல் நீட்டிக் காட்டிவிடுவீர்கள். அடுத்து, காதுத் துளை மூடாதபடி இரண்டு மடல்களையும் மண்டையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். இடம் வலம் அப்போதும் தெரியும். முன் பின்தான் குழம்பும். முதுகுக்குப் பின்னால் நின்ற என் பேத்தியை எதிரில் நிற்பதாகச் சொல்லி நான் வாங்கின கேலி இன்னும் ஓயவில்லை.

விஷயம் இவ்வளவுதான். வலப்பக்கத்துச் சத்தம் வலக்காதுக்கு முந்தியும் இடக்காதுக்குப் பிந்தியும் வருகிறது. அந்த இடைவெளி, நொடியை 1000 பங்கு போட்டால் அதில் ஒரு பங்குகூட இல்லை. மூளை அதை வைத்தே பக்கம் சொல்லிவிடும். நேர் முன்னும் நேர் பின்னும் அப்படியல்ல. இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வரும் சத்தத்தை, மடலின் மடிப்புகள் திசைக்கு ஒரு விதமாக மாற்றி உள்ளே அனுப்புவதால்தான் வித்தியாசம் தெரிகிறது. ஹெட்போன் மாட்டினால் ஸ்பீக்கர் காதோடு ஒட்டிவிடுகிறது, மடலுக்கு வேலையில்லை. அந்த வேலையை மென்பொருள் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். அதற்குத்தான் எச்.ஆர்.டி.எஃப் என்று பெயர்.

பெட்டியில் போட்டிருக்கும் 7.1-ம் பெரும்பாலும் இதேதான். ஏழு திசைக்கும் பாஸுக்கும் ஆக எட்டு ஸ்பீக்கர் சத்தத்தை வாங்கி, இடம் வலம் என்று இரண்டாகக் குழைத்துத் தருகிற மென்பொருள். நிஜமாகவே காதுக்கு நான்கு குட்டி ஸ்பீக்கர் வைத்த ஹெட்செட்டும் உண்டு. ஆசைப்பட்டு நானே ஒன்று வாங்கினேன். எல்லா ஸ்பீக்கரும் காதிலிருந்து இரண்டு விரல் தூரத்துக்குள் இருந்தால் எங்கிருந்து பின்பக்கம் வரும்? செங்கல் கனம் வேறு. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் மாட்டினால் காது வெந்துவிடும். மூன்றே மாதத்தில் பஞ்சின் மேல்தோல் கறுப்புச் செதிலாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டியது.

வேலரன்டின் சவுண்ட் செட்டிங்ஸிலேயே எச்.ஆர்.டி.எஃப் இருக்கிறது. இப்போது கையில் இருக்கும் ஸ்டீரியோ ஹெட்போனை மாட்டி அதை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் தன் பங்குக்குத் திசை சேர்க்கும் ஸ்பேஷியல் சவுண்டையும் ஹெட்செட்டின் 7.1 பட்டனையும் ஆஃப் செய்துவிடுங்கள். கேமின் எச்.ஆர்.டி.எஃப்-போடு இவற்றில் ஒன்று சேர்ந்து ஓடினாலும், போட்ட டிகாஷனை மறுபடி கொதிக்க வைத்த மாதிரி, திசையும் போகும், தெளிவும் போகும். கடைக்கு 'ஹெட்செட் ரிப்பேர்' என்று வருகிறவர்களில் பலருக்கு நான் செய்வது இந்த ஒரு ஆஃப் மட்டுமே. சொந்தமாக இந்த வசதி இல்லாத கேம்களுக்கு, அந்த ஸ்பேஷியல் சவுண்டில் இருக்கும் விண்டோஸ் சோனிக் போதும். 2017 முதல் விண்டோஸிலேயே இலவசமாக வருகிறது. அதே வேலையைச் செய்யும் டால்பி அட்மாஸ், டி.டி.எஸ் ஆகியவற்றுக்குக் காசு கேட்பார்கள். உங்கள் காதுக்கு ஒத்துவருகிறதா என்று டிரையலில் பார்க்காமல் கட்டாதீர்கள். ஆளுக்கு ஆள் மடல் வேறு. ஒருவருக்குப் பிரமாதமாக இருப்பது இன்னொருவருக்குக் குளியலறையில் கேட்பது போல இருக்கும்.

இதற்குப் பிறகும் வாங்குவதென்றால், காதைச் சுற்றி முழுதாக மூடுகிற ஸ்டீரியோ ஹெட்போன், துணி உறை போட்ட பஞ்சு, மின்தடை 32 ஓம் அளவில். அதை ஓட்ட ஆம்ப் என்ற தனிப் பெருக்கி எதுவும் தேவைப்படாது. காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்த வகையில் வெளி விரிவாகக் கேட்கும் என்பார்கள், நிஜம்தான். ஆனால் உங்கள் வீட்டில் விரிவாகக் கேட்கப்போவது தறி. நாய்ஸ் கேன்சலிங்கை நம்பியும் செலவு வேண்டாம். அது ஃபேன் இரைச்சல் மாதிரி ஒரே சீரான சத்தத்தைத்தான் நன்றாக அடக்கும்; தறியில் குறுக்கே ஓடும் நாடா அடிக்கிற 'டக் டக்' அதற்குச் சிக்காது.

தறியை அமுக்க வால்யூமை ஏற்றாதீர்கள். 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. அந்தக் கணக்கில் 90-க்கு வாரம் 4 மணி நேரம்தான். கீழே தறிக்கூடத்தில் அப்பாவின் காதுக்கும் இதே கணக்குதான்; ஒரு ஜோடி இயர் ப்ளக் வாங்கிக் கொடுங்களேன்.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமை. கேமில் நண்பர்களோடு பேச மைக்கை ஆன் செய்தால் எல்லாம் பழைய லேண்ட்லைன் மாதிரி ஆகிவிடுகிறது. சுட்ட பிறகுதான் சத்தம் வருகிறது.
- எஸ்டேட் குடியிருப்பு வாசகி, ஏற்காடு

பதில்: ஹெட்போன் பழுதில்லை அம்மா. மைக் ஆன் ஆனதும் ப்ளூடூத் போன் பேசும் முறைக்கு மாறிவிடும்; சத்தத்தின் தரம் இறங்கும், சரவுண்டும் போச்சு. தாமதம் ப்ளூடூத்தின் கூடப்பிறந்தது. வயர் போட்டதோ, யு.எஸ்.பி-யில் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் என்ற வயர்லெஸ் குச்சியோடு வருவதோ வாங்குங்கள். அம்மாப்பேட்டைத் தம்பிக்கு வேண்டாம் என்ற திறந்த வகை, காபித் தோட்டத்து அமைதியில் இருக்கும் உங்களுக்குத்தான் பொருத்தம். ஆனால் உள்ளிருக்கும் சத்தம் வெளியே கசியும். இரவில் விளையாடினால், பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் உங்கள் துப்பாக்கிச் சண்டை முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் புரள்வார்.