குழலடியில் 13 என்றிருந்தாலும் அது 12 போர்தான்

வணக்கம். 12 போர் (குழல் அளவுக் குறியீடு; எண் கூடினால் துளை குறுகும்) என்று வாங்கிய பழைய பர்மிங்காம் இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழலைக் கழற்றினால் அடியில் 13 என்று குத்தியிருக்கிறது, சாய்சதுரத்துக்குள் 12-ம் சி எழுத்தும் உண்டு, 70 மி.மீ. தோட்டா இடிக்காமல் நுழைகிறது, சுடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குச் சுடாதீர்கள்.

13 பிழையல்ல. சாய்சதுரம் சேம்பரை, அதாவது குழலடியில் தோட்டா உட்காரும் அறையைச் சொல்கிறது. அந்த முத்திரை 1887 முதல் 1925 வரை வழக்கில் இருந்தது. 13 என்பது பின்முனையிலிருந்து 9 அங்குலம் தள்ளி அளந்த குழலின் உள்விட்டம்: 0.710 அங்குலம். 12 என்றால் 0.729. சற்று இறுக்கமாகத் துளைத்த குழல், அவ்வளவுதான்.

ஆபத்து தோட்டாவில் இருக்கிறது. 70 என்பது சுட்டபின் உள்ள நீளம். வாய் மடித்த புதுத் தோட்டா சுமார் 58 மி.மீ.தான், அதனால்தான் இரண்டரை அங்குல சேம்பரிலும் சுகமாக உட்காருகிறது. சுடும்போது மடிப்பு விரிந்து, சேம்பருக்கு முன்னால் குறுகும் கூம்பை அடைக்கும்; அழுத்தம் எகிறும். நுழைகிறதே என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் சேம்பர் நீளம், உள்விட்டம், குழல்சுவரின் தடிமன் மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். உள்விட்டம் தேய்ந்து 0.719 அங்குலத்தைத் தொட்டிருந்தால், குழல் அழுத்தம் தாங்கும் என்று சோதித்துக் குத்திய பழைய முத்திரை செல்லாது, மறுசோதனை வேண்டும். நைட்ரோ (புகையில்லா மருந்து) முத்திரை இல்லையென்றால் அது கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. இன்றைய 65 மி.மீ. தோட்டாவும் கூடாது. குழலில் டமாஸ்கஸ் வரி (இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த குழலின் அலைவரி) தெரிந்தால் அதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், நைட்ரோ சோதனையில் தேறியவையும் உண்டு.