கல்யாணத்தில் டெய்லர் ஆனவர்

கேள்வி: சென்ற இதழில் ‘எலிசபெத் டெய்லரின் நாவல்கள்’ என்று ஒரு வரி பார்த்தேன். கிளியோபாட்ராவாக நடித்தவர் நாவலும் எழுதினாரா? இல்லை என்றால், பிரபல நடிகையின் பெயரை வைத்துக்கொண்டு எழுதிய ஒருவரைப் பற்றி நாங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இருவரும் வேறு வேறு ஆட்கள். ஆனால் ‘நடிகையின் பெயரை வைத்துக்கொண்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நாவலாசிரியர் 1912இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் கோல்ஸ். 1936இல் ஜான் டெய்லர் என்ற மிட்டாய் வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டு டெய்லர் ஆனார். லண்டனில் பிறந்த நடிகைக்கு அப்போது நான்கு வயது. யாருக்கும் தெரியாத அந்தக் குழந்தையின் பெயரை இவர் எப்படி வைத்துக்கொண்டிருக்க முடியும், சொல்லுங்கள்! 1945இல் முதல் நாவல் வந்தது. அதே சமயத்தில்தான் குதிரைப் பந்தயப் படம் ஒன்றில் நடித்து அந்தச் சிறுமி உலகப் புகழ் அடைந்தார். அப்புறம் நாவலாசிரியரின் பெயர் அவருடையதாக இல்லை. பிகினி உடையில் ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று முன்பின் தெரியாத ஆண்கள் இந்த எழுத்தாளருக்குக் கடிதம் போட்டார்கள். “அனுப்பித்தான் வையேன், அதிர்ந்து போகட்டும்” என்றாராம் கணவர். தன்னிடம் பிகினியே கிடையாது என்று எழுத்தாளரே சொல்லியிருக்கிறார்.

நடிகையைக் குறைத்துச் சொல்லவில்லை. இரண்டு ஆஸ்கர் வாங்கியவர். எய்ட்ஸ் என்றாலே ஆட்கள் விலகி ஓடிய 1985இலேயே அந்த நோயாளிகளுக்காக முன்னால் வந்து நின்றவர். அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

ஆனால் நீங்கள் கேட்டது மற்றவரை. பென் என்ற கிராமத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே 12 நாவல்கள் எழுதினார். கடைசி நாவல் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1971இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்த நாவலை மட்டும் சொல்கிறேன். கணவரை இழந்த திருமதி பால்ஃப்ரே, லண்டன் க்ராம்வெல் சாலையில் உள்ள ஓர் ஓட்டலில் தங்க வருகிறார். அங்கே அவரைப் போலவே வயதானவர்கள் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். பேரன் பார்க்க வருவான் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார். அவன் வரவில்லை. ஒருநாள் தெருவில் தடுக்கி விழுகிறார். ஏழை எழுத்தாள இளைஞன் ஒருவன் ஓடிவந்து தூக்கிவிட்டுக் காயத்தைக் கவனிக்கிறான். நன்றிக்கு அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். ஓட்டலில் அவனையே பேரன் என்று காட்டிக்கொள்கிறார். அப்புறம் நிஜப் பேரன் வந்து நிற்கிறான்! மற்றவர்கள் கண்ணில் படுவதற்குள் சொந்தப் பேரனை வெளியே அனுப்ப அந்த அம்மாள் படும் பாடு இருக்கிறதே, அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எண்பதுகளில் லண்டன் பதிப்பகம் ஒன்று இவருடைய நாவல்களை மறுபடி அச்சிட்டது, இன்றும் கிடைக்கின்றன. அட்டையில் இருப்பது அவருடைய சொந்தப் பெயர்தான். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.