1854 பாலக்லாவாப் போரில் (கிரிமியப் போரின் ஒரு சண்டை) காயமடைந்த பிரிட்டிஷ் குதிரைப்படை வீரரின் பிற்கால வாழ்க்கையை எப்படித் தேடுவது?

அவருக்குக் கிடைத்த போர்ப் பதக்கத்தை முதலில் பிடித்துக்கொள்ளாதீர்கள். அது, அவர் அங்கே இருந்தார் என்பதற்கு மேல் அதிகம் சொல்லாது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசையைப் பாருங்கள் (டபிள்யூஓ என்பது 'வார் ஆபீஸ்', அதாவது போர்த்துறை ஆவணங்களின் குறியீடு). படைவிலகல் தாள்கள் அதில் இருக்கின்றன. பிறந்த ஊர், பழைய தொழில், உயரம், கண்ணின் நிறம், பல தாள்களில் எந்தக் காலில் குண்டு பாய்ந்தது என்பதுகூட எழுதப்பட்டிருக்கும். ஆனால் 1883க்கு முன் பெரும்பாலும் ஓய்வூதியம் பெற்றவர்களின் தாள்களே மிஞ்சியுள்ளன. உங்கள் ஆள் அதில் சிக்கவில்லையா? டபிள்யூஓ 12 சம்பளப் பட்டியல்களைக் காலாண்டு வாரியாகப் புரட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இஸ்தான்புல் அருகே பிரிட்டிஷ் படை நடத்திய ஸ்குட்டாரி மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே தெரியும்.

பிறகு 1861, 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பெயரை மட்டும் நம்பாமல் பிறந்த ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். தொழில் பகுதியில் 'செல்சி ஓய்வூதியர்' (லண்டன் செல்சி ராயல் மருத்துவமனை வழியாகப் படை ஓய்வூதியம் பெற்றவர்) என்றிருந்தால், அவர் அங்கேதான் வாழ்ந்தார் என்று லண்டனுக்கு ஓடவேண்டாம். அவர்களில் பெரும்பாலோர் வெளியூர்களில் இருந்தபடியே பணம் வாங்கினார்கள்.