கொக்கி வயரைப் பிடிக்கும் நேரம்

மொரிஷியஸ் தமிழன்பர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், இந்தியக் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தில் விமானத் தளத்து வயர்களைப் பராமரித்தவர். இப்போது மகள் வீட்டோடு ரோஸ்ஹில்லில் இருக்கிறார்.

ஐயா, நம் விமான நிலைய ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் எவ்வளவு இருக்கும்? (ஆசிரியை, கத்ர் போர்ன்)

புதிய விக்ராந்தின் மொத்த நீளமே 262 மீட்டர்தான் அம்மா. விமானம் இறங்கி நிற்க ஏறக்குறைய நூறு மீட்டர் கிடைக்கும். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் வருவது இரண்டு மூன்று நொடிக்குள் நின்றாக வேண்டும். பிரேக்கை நம்பிப் பயனில்லை. வாலடியில் தொங்கும் கொக்கி, தளத்தின் குறுக்கே கிடக்கும் எஃகு வயரைப் பிடிக்க வேண்டும். புதிய விக்ராந்தில் அப்படி மூன்று வயர்கள்.

தளத்தைத் தொட்டதும் விமானி எஞ்சினை முழுசாக முடுக்குவாராமே? (மாணவன், ட்ரியோலே)

ஆமாம் தம்பி. கொக்கி வயரைப் பிடித்ததா, தவறவிட்டதா என்று தெரியும்வரை காத்திருந்தால், தவறியபின் மேலெழும்ப வேகம் மிஞ்சாது. அதனால் நிற்க வந்தவர் பறக்கப் போகிறவரைப்போல முடுக்குகிறார். வயர் சிக்கினால் அது இழுத்து நிறுத்திவிடும், சிக்காவிட்டால் அப்படியே எழும்பிச் சுற்றி வருவார். இறங்கும் பாதையைக் கப்பலின் நேர்கோட்டிலிருந்து சற்றே பக்கவாட்டில் திருப்பி அமைத்திருப்பதும் இதற்காகத்தான். முன்னால் நிறுத்தியிருக்கும் விமானங்கள்மேல் மோதாமல் போகலாம்.

உங்கள் வேலையில் பயம் எதில்? (போர்ட் லூயிஸ்)

எடையில். இறங்கப்போகும் விமானத்தின் எடைக்குத் தகுந்தபடி தளத்துக்குக் கீழே வயரை இழுத்துப் பிடிக்கும் இயந்திரத்தைச் சரிசெய்து வைக்க வேண்டும். இழுப்பு குறைந்தால் விமானம் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழும், கூடினால் கொக்கியோ வயரோ அறும். அறுந்த வயர் சாட்டைபோலத் தளத்தை வீசும், குறுக்கே நின்றவன் பிழைப்பது கடினம். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பிரி விட்டிருக்கிறதா என்று வயரைப் பார்ப்போம். விமானியின் உயிர் எங்கள் கையில் இருந்தது. அந்தப் பொறுப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிமிர்கிறது.

இரவில்? (வக்வா)

கடலும் வானமும் ஒரே கறுப்பு. கப்பல் வேறு ஏறி இறங்கும். விளக்கு வரிசையையும், தள ஓரத்தில் நின்று வழிகாட்டும் சக விமானியின் குரலையும் நம்பித்தான் வர வேண்டும்.

விக்ராந்தில் முதலில் இறங்கியவர் யார்? (ரோஸ்ஹில்)

பழைய விக்ராந்தில் முதல் ஜெட் விமானத்தை 1961 மே 18 அன்று இறக்கியவர் தஹிலியானி. பின்னாளில் கடற்படைத் தளபதியே ஆனார். 2023 பிப்ரவரி 6 அன்று இந்தியாவிலேயே செய்த தேஜஸ் போர் விமானம் புதிய விக்ராந்தில் இறங்கியபோது, மகளைக் கூப்பிட்டு நாலு தடவை அந்தப் படத்தைப் போடச் சொன்னேன். அவள் விமானத்தைக் காட்டினாள், நான் வயரைக் காட்டினேன்.

நம் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் அப்படிக் கப்பலில் இறங்குமா? (மாணவன், ட்ரியோலே)

இறங்காது தம்பி. அதற்குக் கொக்கி கிடையாது. கப்பல் தளத்தில் விமானம் அலுங்காமல் இறங்குவதில்லை, தொப்பென்று விழுவதுபோல்தான் இறங்கும். அந்த அடியைத் தாங்கும் கால்கள் டோர்னியருக்கு இல்லை.